மூன்று வருடம் ஓடிய வாஷிங் மெஷின்: எங்கள் அனுபவம்

புதுப் பொருள் வாங்கிய முதல் வாரத்தில் எழுதும் விமர்சனங்களை நான் நம்புவதில்லை. அந்த வாரத்தில் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். அட்டைப்பெட்டியைக் குப்பையில் போடும் முன்பே ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுவோம். நானும் போட்டேன். பிறகு நடந்ததையெல்லாம் அந்த நட்சத்திரங்களுக்குக் கீழே எழுத இடமில்லாததால் இங்கே எழுதுகிறேன்.

கல்யாணமானதும் நாங்கள் இருவர் மட்டும் குடிவந்த வீடு இது. இரண்டு அறை, ஒரு சமையலறை, அதை ஒட்டி ஒரு யுடிலிட்டி. அங்கே இரண்டு பேர் ஒரே நேரத்தில் நின்றால் ஒருவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். வந்த புதிதில் வாங்கியவற்றில் மெத்தை நல்ல முடிவு. சோஃபா வீண், காய்ந்த துணியை மடிக்காமல் குவிக்கத்தான் இதுவரை பயன்பட்டிருக்கிறது. ஃப்ரிட்ஜ் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு ஃப்ரிட்ஜுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. சொல்வதற்கு நிறைய இருப்பது வாஷிங் மெஷினைப் பற்றித்தான்.

மாடல் பெயர் வேண்டாம். முன்பக்கம் கண்ணாடிக் கதவு உள்ள ஃப்ரண்ட் லோடு, 7 கிலோ, நிமிடத்துக்கு 1200 சுற்று, உள்ளேயே ஹீட்டர். எந்த கம்பெனியில் வாங்கினாலும் இந்த வகையில் கீழே சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும். ஏனென்றால் எங்களுக்கு வந்த தொல்லைகளில் மெஷினுடைய தப்பு கொஞ்சம்தான். மீதி எல்லாம் தண்ணீர், தரை, குழாய், அப்புறம் நாங்கள் இருவரும்.

முதல் சனிக்கிழமையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பொருத்திக் கொடுக்க வந்தவர் பத்து நிமிடத்தில் வேலையை முடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை முதல் லோடு. துவைக்கும்போது சத்தமே இல்லை, இருவரும் பெருமையாகக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்பின் தொடங்கியது. முதலில் ஒரு உறுமல், அப்புறம் யாரோ உள்ளிருந்து உதைப்பதுபோல் தடதடவென்று சத்தம். "என்னப்பா, இது நடந்து வருது!" என்று மனைவி கத்தினாள். நிஜமாகவே நடந்து வந்தது. சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் வந்து, பிளக் ஒயரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் மெஷின் மேல் இரண்டு கையையும் ஊன்றி அழுத்த, நான் சுவிட்சைத் தேட, கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்ட, இப்படித்தான் அக்கம்பக்கத்தில் எங்களுக்கு அறிமுகம் கிடைத்தது.

காரணம் கையேட்டின் நான்காம் பக்கத்தில் படத்தோடு இருந்தது. ஃப்ரண்ட் லோடு மெஷினில் துணி சுற்றும் ட்ரம் உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்காது. மேலே ஸ்பிரிங்குகளில் தொங்கிக்கொண்டும் கீழே அதிர்வைத் தணிக்கும் டாம்பர்கள் தாங்கிக்கொண்டும் மிதந்தபடி இருக்கும். லாரியில் வரும்போது அது ஆடி உடையாமலிருக்க, பின்பக்கம் நீளமான போல்ட்டுகளைப் போட்டு இறுக்கி அனுப்புவார்கள். ஓட்டுவதற்கு முன்னால் அவற்றைக் கழற்றியாக வேண்டும். கழற்றாமல் சுற்றினால் ட்ரம்மின் ஆட்டம் முழுவதும் நேராக மெஷினின் உடம்புக்குப் போகும். எங்கள் மெஷினில் நான்கு போல்ட்டும் அப்படியே இருந்தன. ஸ்பேனரை எடுத்து நானே கழற்றினேன். அவள் ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். தரை தண்ணீர் வடிவதற்காகச் சரிவாகப் போடப்பட்டிருந்ததால் முன் காலில் ஒன்றைக் கிட்டத்தட்ட ஒரு விரல்கடை உயர்த்த வேண்டியிருந்தது. உயர்த்திய பிறகு காலின் பூட்டு நட்டை மேல்பக்கமாக இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் சில வாரங்களில் மறுபடி தளர்ந்துவிடும். அதையும் ஒரு முறை தளரவிட்டுத்தான் தெரிந்துகொண்டோம். கழற்றிய போல்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். வீடு மாறும்போது மறுபடி வேண்டும்.

இரண்டாவது வாரம் வேறு கூத்து. மெஷின் துவைக்கிறது, துவைக்கிறது, துவைத்துக்கொண்டே இருக்கிறது. திரையில் மீதி நேரம் நகரவே இல்லை. குழாயில் தண்ணீர் உள்ளே போகும் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது. நான் மெஷினையே சந்தேகப்பட்டேன். அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். கழிவுநீர்க் குழாயை நான் தரையில் இருந்த வடிகாலில் அப்படியே செருகியிருந்தேன், பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கட்டுமே என்று. அந்தக் குழாயின் முனை ட்ரம்மில் தண்ணீர் நிற்கும் மட்டத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும். பல மெஷின்களில் தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் வரை என்று போட்டிருக்கும். தாழ்வாக இருந்தால், மெஷின் தண்ணீர் பிடிக்கப் பிடிக்க அது தானாகவே வழிந்து வெளியே போய்க்கொண்டிருக்கும். ஒரு மணி நேரமாக நாங்கள் நல்ல தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம். குழாயை மேலே தூக்கிச் சுவரில் ஒரு கொக்கி போட்டுக் கட்டினோம். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. அன்றிலிருந்து அந்தப் பிரச்சினை இல்லை.

தண்ணீர் அழுத்தத்தையும் சொல்லிவிடுகிறேன், குறிப்பாக மேல்மாடியில் இருப்பவர்களுக்கு. எங்கள் கையேட்டில் குறைந்தது 0.5 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வேண்டும் என்றிருந்தது. 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். அப்படியானால் தொட்டி குழாயிலிருந்து 5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். தொட்டி தலைக்கு நேர் மேலே இருக்கும் வீட்டில் இது கிடைக்காது, சிறிய பிரஷர் பம்ப் தேவைப்படலாம். எங்களுக்கு உயரம் போதுமானதாக இருந்தது. ஆனாலும் ஒரு நாள் தண்ணீர் வரவில்லை என்று எரர் காட்டியது. மெஷினுக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் கட்டைவிரல் நுனி அளவில் ஒரு வலை இருக்கும். அதில் மணல் அடைத்திருந்தது. பழைய டூத்பிரஷால் தேய்த்ததும் சரியாகிவிட்டது. அவ்வளவுதான் வேலை, ஆனால் அதற்காக ஆளை வரவழைத்திருந்தால் அரை நாள் லீவு போயிருக்கும்.

சரி, மெஷின் நிலைக்கு வந்தது. அடுத்தது நாங்கள்.

அவள் வளர்ந்த வீட்டில் தினமும் துவைப்பார்கள். என் வீட்டில் வாரத்துக்கு ஒரு முறை மலைபோல் குவித்து. முதல் மாதம் நான் அந்த மலையை அப்படியே ட்ரம்முக்குள் முழங்காலால் தள்ளி அடைத்தேன். "7 கிலோன்னு போட்டிருக்கே" என்பது என் வாதம். அந்த 7 கிலோ என்பது காட்டன் புரோகிராமுக்கு, காய்ந்த துணியின் எடை. சிந்தெட்டிக் துணிக்கு அதில் பாதி அளவுதான், கம்பளிக்கு இன்னும் குறைவு, குவிக் வாஷுக்கும் குறைவுதான். ஃப்ரண்ட் லோடில் துணி மேலே போய் விழுந்துதான் வெளுக்கிறது. விழ இடமே இல்லாமல் அடைத்தால் ஒரு பொட்டலமாகச் சுற்றிவிட்டு வெளியே வரும். எங்கள் சட்டைக் காலரில் அழுக்கு அப்படியே இருந்ததற்கும், கருப்பு பேன்ட்டில் வெள்ளை வெள்ளையாகப் பவுடர் திட்டு இருந்ததற்கும் காரணம் இதுதான். துணியைப் போட்ட பிறகு ட்ரம்மின் மேல்பகுதியில் உள்ளங்கையை நிமிர்த்தி நுழைக்க இடம் இருக்க வேண்டும். இந்தக் கை அளவை அவள்தான் அமல்படுத்தினாள். மறுபக்கம், ரொம்பக் குறைவாகப் போட்டாலும் வம்பு. குளியலறைக் கால்மிதியை மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள். ஈரத்தில் கனத்து ஒரே பக்கம் ஒட்டிக்கொள்ளும். மெஷின் திருப்பித் திருப்பிப் பரப்பிப் பார்க்கும், முடியாவிட்டால் பிழியாமலேயே சொட்டச் சொட்டக் கொடுத்துவிடும். கூட இரண்டு துண்டு போட்டால் சமனாகிவிடும்.

கடைசியில் வாரம் மூன்று நாள் என்று சமரசத்துக்கு வந்தோம். போடுவது நான், காயப்போடுவது அவள். மடிப்பது யார் என்பது இன்னும் முடிவாகவில்லை. அதனால்தான் சோஃபா.

எட்டாவது மாதம் நாற்றம் ஆரம்பித்தது. துவைத்து எடுத்த துண்டில் முகம் துடைத்தால் பழைய ஈரச்சாக்கு வாசனை. நான் டிடர்ஜென்ட்டைக் கூட்டினேன். நாற்றமும் கூடியது. ஃபேப்ரிக் கண்டிஷனர் சேர்த்தேன். பூ வாசனையோடு சேர்ந்த சாக்கு வாசனை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கதவைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிற ரப்பரை விரலால் விரித்து, "இங்க வந்து பாரும்மா நீ" என்றாள். (கோபம் வந்தால் நான் 'அம்மா' ஆகிவிடுவேன்.) ரப்பரின் மடிப்புக்குள் கருப்புக் கருப்பாகப் பூஞ்சைப் புள்ளி, வழவழப்பான ஒரு பாசி, கொஞ்சம் முடி, மக்கிப்போன டிஷ்யூ பேப்பர், ஒரு சட்டைப் பொத்தான்.

அந்த நாற்றத்துக்கு நாங்கள் செய்த எல்லாமே காரணம். முதலாவது, டிடர்ஜென்ட் அதிகம். நாங்கள் மூடி நிறைய ஊற்றிக்கொண்டிருந்தோம். இந்த வகை மெஷின் குறைந்த தண்ணீரில் துவைக்கிறது. நுரை அதிகமானால் துணி விழும் அடியை அது மெத்தைபோல் தாங்கிவிடும், அலசலிலும் முழுதாகப் போகாது. போகாத மிச்சம்தான் பூஞ்சைக்குத் தீனி. இரண்டாவது, எப்போதும் குளிர்ந்த தண்ணீர், எப்போதும் லிக்விட். துணி சோப்பு லிக்விடில் பொதுவாக பிளீச் இருக்காது. பல பவுடர்களில் ஆக்ஸிஜன் பிளீச் இருக்கும், சூடான தண்ணீரில் அது கிருமியையும் கறையையும் பார்த்துக்கொள்ளும். மூன்றாவது, துணியை எடுத்ததும் கதவைச் சாத்திவிடும் என் பழக்கம். உள்ளே ஈரம், இருட்டு, தீனி மூன்றும் கிடைத்தால் பூஞ்சை வேறு எங்கே போகும்?

இப்போது செய்வது இதுதான். மூடியில் பாதி அளவில் பேனாவால் ஒரு கோடு, அதைத் தாண்டுவதில்லை. வெள்ளைத் துணி, துண்டு, படுக்கை விரிப்பு எல்லாம் பவுடரில் 60 டிகிரி. கலர் துணி லிக்விடில் 30. கதவும் டிடர்ஜென்ட் டிராயரும் எப்போதும் திறந்தே. கடைசி லோடு முடிந்ததும் ரப்பர் மடிப்பை ஒரு துணியால் துடைப்பது. மாதம் ஒரு முறை காலி ட்ரம்மோடு உச்ச சூட்டில் ஓட்டுவது. நாற்றம் இரண்டு மாதத்தில் முழுக்கப் போய்விட்டது, ரப்பரில் இருந்த கறுப்புப் புள்ளிகள் மட்டும் போகவில்லை. துண்டுகளுக்குக் கண்டிஷனரை அடியோடு நிறுத்திவிட்டோம். அது நூலின் மேல் ஒரு படலமாகப் படிந்துவிடுவதால் துண்டு தொட மிருதுவாக இருக்கும், ஆனால் தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது.

60 டிகிரி என்றதும் மின்சாரத்தை நினைத்து நான் தயங்கினேன். கணக்குப் போட்டுப் பார்த்தோம். துவைக்கும் கட்டத்தில் 15 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், 25 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக சுமார் 0.6 யூனிட் ஆகும். 40க்கு என்றால் கால் யூனிட்தான். 30க்கு 0.1 யூனிட்கூட ஆகாது. மெஷினின் மின்சாரச் செலவில் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்குவதில்தான் போகிறது, சுற்றுவதில் அல்ல. அதனால் எல்லாவற்றுக்கும் சூடு வேண்டாம், வேண்டியதற்கு வஞ்சனை செய்யவும் வேண்டாம். ரத்தக்கறை மாதிரியானவற்றுக்கு முதலில் குளிர்ந்த தண்ணீர்தான். சூட்டில் போட்டால் கறை துணியோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு தலையணை உறையை அப்படித்தான் இழந்தோம்.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ஈகோ புரோகிராம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுவதைப் பார்த்து, இது எப்படி மிச்சம் ஆகும் என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். 1959இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்பர்ட் சின்னர் என்பவர் சலவையை நான்கு அம்சமாகப் பிரித்துக் காட்டினார்: ரசாயனம், அடித்துத் துவைக்கும் விசை, வெப்பம், நேரம். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்டி ஈடுகட்ட வேண்டும். ஈகோ வெப்பத்தைக் குறைத்து நேரத்தைக் கூட்டுகிறது. குவிக் வாஷ் நேரத்தைக் குறைப்பதால் அழுக்கையும் கொஞ்சம்தான் எடுக்கும். ஒரு நாள் போட்டுக் கழற்றிய சட்டைக்குப் போதும், வேர்த்து விறுவிறுத்த துணிக்குப் போதாது. எங்கள் வீட்டில் ஈகோதான் அதிகம் ஓடுகிறது. டைமரை வைத்துவிட்டால் நாங்கள் வேலையிலிருந்து வரும் நேரத்துக்குச் சரியாக முடிந்திருக்கும். முடிந்த துணியை ராத்திரி முழுக்க உள்ளேயே விட்டால் காலையில் மறுபடி துவைக்க வேண்டியதுதான், இதையும் அனுபவத்தில் சொல்கிறேன்.

1200 சுற்று தேவையா என்றால், துணி காயப்போட இடமில்லாத வீட்டுக்குத் தேவை. 5 கிலோ காட்டனை 800 சுற்றில் பிழிந்தால் தோராயமாக மூன்றரை லிட்டர் தண்ணீர் துணியிலேயே நிற்கும். 1200இல் அது இரண்டரையை ஒட்டி வந்துவிடும். மழை நாட்களில் வீட்டுக்குள் கொடி கட்டும்போது அந்த ஒரு லிட்டரின் அருமை தெரியும். சட்டைகளுக்கு மட்டும் 800 போதும், அதற்கு மேல் போனால் சுருக்கம் இஸ்திரிக்கு மசியாது.

எங்கள் பகுதியில் உப்புத் தண்ணீர். ஆரம்பத்தில் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு எல்லாம் தெரிந்ததுபோல் பேசிக்கொண்டிருந்தேன். அது தண்ணீரில் கரைந்த எல்லாவற்றுக்கும் ஒரு தோராயக் கணக்கு. கடினத்தன்மை என்பது அதில் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்பது. அதைக் கால்சியம் கார்பனேட் அளவாகக் கணக்கிட்டு, லிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினால் மிகக் கடினம் என்று வகைப்படுத்துகிறார்கள். அதற்கென்று தனியாகச் சோதனைத் தாள் இருக்கிறது. எங்கள் தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தது. இப்படிப்பட்ட தண்ணீரில் ஹீட்டரில் வெள்ளைப் படிவு கட்டும், துண்டு அட்டைபோல் விறைக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிட்ரிக் அமிலம் போட்டுக் காலியாக ஓட்டுகிறோம். குளோரின் பிளீச் உள்ள எதையும் அதோடு கலக்கக் கூடாது, விஷவாயு வரும். வினிகரை ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. அடிக்கடி ஊற்றினால் ரப்பருக்கு ஆகாது என்பதால் நாங்கள் தொடவில்லை.

பம்ப் ஃபில்டரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது முழுமையாகாது. மெஷினின் கீழ் மூலையில் ஒரு சின்னக் கதவு இருக்கும். ஒன்றரை வருடம் நான் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் தண்ணீர் வெளியேறாமல் நின்றபோதுதான் திறந்தோம். முதலில் அதற்குள் இருக்கும் சிறு குழாயின் அடைப்பை எடுத்துத் தண்ணீரைத் தட்டில் வடிக்க வேண்டும். அதைச் செய்யாமல் நான் நேராகத் திருகியதால் யுடிலிட்டி முழுக்க வெள்ளம். ஆனால் உள்ளேயிருந்து வந்தவை: மூன்று ஹேர்பின், பல்குத்தும் குச்சி, சில்லறைக் காசுகள், ஒரு உள்ளாடைக் கம்பி, அப்புறம் அவள் போன வருடம் தொலைத்து இரண்டு நாள் அழுத தோடு. கல் அப்படியே இருந்தது. ஈரத் தரையில் உட்கார்ந்தபடியே அதைக் காதில் மாட்டிக்கொண்டாள். அந்த வெள்ளத்துக்கு எனக்குத் திட்டு விழவில்லை.

மூன்று வருடத்தில் நிஜமாகவே பழுதானது ஒன்றுதான்: கதவுப் பூட்டு. கதவைப் பூட்டிக்கொண்டு திறக்க மறுத்தது. வாரண்டி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மோட்டாருக்கு 10 வருட வாரண்டி என்று ஸ்டிக்கர் பளபளப்பாக ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் நான் வாங்கினேன். இந்த மெஷின்களில் முதலில் போவது பெரும்பாலும் மோட்டார் அல்ல. பம்ப், பூட்டு, ரப்பர், சர்க்யூட் போர்டு, ட்ரம் சுழலத் தாங்கும் பேரிங். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியது, பேரிங் போனால் அதை மட்டும் மாற்ற முடியுமா என்பது. பல மாடல்களில் ட்ரம்மைச் சுற்றியிருக்கும் வெளித்தொட்டி ஒட்டி மூடப்பட்டிருக்கும், தொட்டியையே மாற்றச் சொல்வார்கள். இன்று வாங்குவதாக இருந்தால் திரையில் ஓடும் 14 புரோகிராமைப் பார்க்க மாட்டேன். நாங்கள் பயன்படுத்துவது நான்கு. கழற்றிப் பழுதுபார்க்க முடியுமா, ரப்பர் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு, 8 கிலோ எடுப்பேன். கனமான போர்வையை 7 கிலோ ட்ரம்மில் திணிக்கும் கஷ்டம் எங்களோடு போகட்டும்.

அடுத்த மாதம் வீடு மாறுகிறோம். கொஞ்சம் பெரிய யுடிலிட்டி, இரண்டு பேர் நிற்கலாம். மெஷின் கூடவே வருகிறது. நேற்று அந்த போல்ட்டுகளைத் தேடினோம். கருவிப் பெட்டியின் அடியில், டேப் சுற்றிய கவரில், அவள் கையெழுத்தில் "தூக்கிப் போடக் கூடாது" என்று எழுதி பத்திரமாக இருந்தது. பிரித்து எண்ணினோம். மூன்றுதான் இருக்கிறது. நான்காவதை எடுத்து எதற்கோ பயன்படுத்தியது யார் என்று விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. சுவரில் கழிவுநீர்க் குழாயைத் தாங்கும் அந்தக் கொக்கியை நான் எதைக் கொண்டு அடித்தேன் என்பது இன்னும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.